ஆறு மாதம் யாருடையது?

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தில் ஆறாவது அத்தியாயம் ஒன்று உண்டு. 2011 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடனில் தத்தளிக்கும் கம்பெனியை உடனே இழுத்து மூடாமல், வெளியாள் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துக் காப்பாற்றிப் பார்க்கும் ஏற்பாடு. இங்கே எல்லோரும் பிசினஸ் ரெஸ்க்யூ என்பார்கள். கம்பெனி எப்போது சிக்கலில் இருக்கிறது என்பதற்கு அதில் ஒரு விளக்கம் வருகிறது: அடுத்த ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டிய கடனை உரிய தேதியில் கட்ட முடியாது என்று தோன்றினாலோ, அந்த ஆறு மாதத்துக்குள் திவால் ஆகிவிடும் என்று தோன்றினாலோ, சிக்கல். இன்றைக்குப் பெட்டியில் பணம் இருக்கிறதா என்று சட்டம் கேட்கவே இல்லை. ஆறு மாதம் தள்ளி எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல் என்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் சம்பளக் கணக்குப் போடத் தொடங்கி, இப்போது டர்பனில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். சட்டப் புத்தகம் படிக்க ஆசைப்பட்டவன் இல்லை, வேலை அங்கே கொண்டுபோய் விட்டது. ஆனால் இந்த ஆறு மாத வரியை விட முடியவில்லை. எதிர்காலம் இன்னும் வரவில்லை, இருந்தாலும் எதிர்பார்ப்பு என்ற வடிவில் இப்போதே மனசுக்குள் இருக்கிறது என்று கிறிஸ்தவ ஞானி அகஸ்டின் 1,600 வருஷத்துக்கு முன்னால் எழுதினார். போனதற்கு நினைவு, நடப்பதற்குக் கவனம், வரப்போவதற்கு எதிர்பார்ப்பு, மூன்றும் மனசில் இப்போது இருப்பவைதான் என்பது அவர் கணக்கு. சரி, யாருடைய மனசு? அந்த எதிர்பார்ப்பு முதலாளியின் அறையில் இருக்கிறது, பேங்க்காரரின் கோப்பில் இருக்கிறது, கொஞ்சம் என் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. லைனில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இல்லை. ஒரே கட்டடத்தில் ஒருவர் ஆறு மாதம் தள்ளி வாழ்கிறார், இன்னொருவருக்கு இந்த வெள்ளிக்கிழமை வரைதான் தெரியும்.

நொடித்துப் போய்க்கொண்டிருக்கும் கம்பெனியில் மனிதர்களை முன்னிறுத்திய தலைமை என்றால் என்ன என்று கேட்டால் என் பதில் ரொம்பச் சின்னது. அந்த ஆறு மாதத்தைக் கீழே வரைக்கும் பங்கு வைக்கிறீர்களா? வைத்தால் தலைமை. மற்றதெல்லாம், ரிசப்ஷன் சுவரில் பெரிய எழுத்தில் 'உபுண்டு' (மற்றவர்களால்தான் நான் மனிதன் என்கிற இந்த ஊர்ச் சொல்) என்று எழுதி வைப்பது, பிறந்தநாள் கேக், மேனேஜர்களுக்கு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திணறும் கம்பெனியில் முதல் வேலையாகக் கேட்கப்படுவது பதின்மூன்று வாரப் பணவரவுக் கணக்கு. பேங்க் கேட்கும், ரெஸ்க்யூ பிராக்டிஷனர் (பொறுப்பேற்கும் அந்த வெளியாளுக்கு அதுதான் பெயர்) வந்தால் அவரும் கேட்பார். எக்செல்லில் வாரத்துக்கு ஒரு பத்தி, வரவு, செலவு, மிச்சம். கேம்பிரிட்ஜில் இருந்த தத்துவக்காரர் மெக்டாகர்ட் 1908இல் காலம் என்பதே மெய்யில்லை என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். முடிவைப் பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை, ஆனால் அதில் அவர் பிரித்துக் காட்டிய இரண்டு வரிசைகள் நிலைத்துவிட்டன. ஒன்றில் முன், பின் மட்டும்தான் உண்டு: 4ஆம் வாரம் 7ஆம் வாரத்துக்கு முன்னால், அது என்றைக்கும் மாறாது. இன்னொன்றில் போனது, நடப்பது, வரப்போவது என்று எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும். எக்செல் ஷீட் முதல் ஜாதி. அதில் 'இப்போது' என்று ஒரு கட்டம் கிடையாது. 2ஆம் வாரத்தின் கறுப்பு எண்ணும் 9ஆம் வாரத்தின் சிவப்பு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இதைத் தினமும் பார்க்கிற முதலாளிக்கு 9ஆம் வாரம் கிட்டத்தட்ட நடந்து முடிந்த சமாசாரம். அவர் தூக்கம் கெட்டு, மனைவியிடம் எரிந்து விழுந்து, கோயிலுக்குப் போய், வக்கீலைப் பார்த்து, ஒரு மாதிரி மனசைத் தேற்றிக்கொண்டு, கடைசியில் மெஷின் ஹாலுக்கு இறங்கி வந்து விஷயத்தைச் சொல்லும்போது அவருக்கு அது பழைய கதை. கேட்பவர்களுக்கு அந்த நிமிஷம்தான் தொடங்குகிறது. பிறகு மேலே வந்து, "ஏன் இப்படிக் கத்துறாங்க, கொஞ்சமாவது பக்குவம் வேண்டாமா?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. பக்குவப்பட உங்களுக்கு நாலு மாதம் கிடைத்தது சார், அவர்களுக்கு நாலு நிமிஷம். (இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, சம்பளம் வாங்குகிறவன்.) சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் அது கரைகிற வரைக்கும் காத்திருந்துதான் ஆக வேண்டும், அந்தக் காத்திருப்பு கடிகாரம் காட்டும் நேரம் இல்லை, என் பொறுமையின்மையோடு சேர்ந்த நேரம் என்று பிரெஞ்சுத் தத்துவக்காரர் பெர்க்சன் சொன்னது எனக்கு இந்த மாதிரிக் கூட்டங்களில்தான் புரிந்தது. கெட்ட செய்தி கரைவதற்கும் அப்படி ஒரு நேரம் வேண்டும். மேலே இருப்பவர்கள் தங்கள் பங்கைக் கரைத்துக் குடித்துவிட்டு, கீழே இருப்பவர்களுக்குக் கட்டியாகக் கொடுக்கிறார்கள்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1995ஆம் வருஷத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, ஆட்குறைப்பு செய்யலாமா என்று எண்ணும் கட்டத்திலேயே தொழிலாளர்களோடு பேசத் தொடங்க வேண்டும் என்கிறது. முடிவு எடுத்த பிறகு இல்லை, எண்ணும்போதே. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பெரிய அளவில் ஆளைக் குறைப்பதென்றால் நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து அறுபது நாள் வரை ஆகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு மனிதர் எண்ணத் தொடங்கிய நாள் எது என்று யார் போய்ப் பார்த்தார்கள்? கூட்டக் குறிப்பில் முடிவு என்று எழுதாதீர்கள், பரிசீலனை என்று எழுதுங்கள் என்று கன்சல்டன்ட் சொல்லிக் கொடுப்பார். எண்ணம் எல்லாம் முடிந்து, போகப் போகிறவர்களின் பட்டியலும் தயாரான பிறகு, அன்றைக்குத்தான் எண்ணத் தொடங்கியதாக ஒரு கடிதம் வரும்.

நம் ஊர் முதலாளிகள் இந்த இடத்தில் குறளை இழுப்பார்கள். காலமறிதல் என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், கொக்கு மாதிரி ஒடுங்கி நின்று சமயம் பார்த்துக் கொத்த வேண்டும் என்று. அது பகையை வெல்லப் போகிற அரசனுக்குச் சொன்னது ஐயா. சொந்த ஃபேக்டரியில் கொக்காக நின்றால் மீன் யார் என்று யோசிக்க வேண்டாமா.

இப்போது ஷார்ட் டைம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஆறு மாதம், பதின்மூன்று வாரம் எல்லாம் தரையில் என்னவாக இறங்குகிறது என்பது அங்கேதான் தெரியும். டர்பன் பக்கம் துணி ஃபேக்டரிகளில் வாரச் சம்பளம், வெள்ளிக்கிழமை கையில் வரும். ஆர்டர் குறைந்தால் ஆளை அனுப்பாமல் நாளைக் குறைப்பார்கள், வாரத்துக்கு மூன்று நாள், சமயத்தில் இரண்டு நாள். அதற்குப் பெயர் ஷார்ட் டைம். 1990களில் இறக்குமதி வரி இறங்கி வெளிநாட்டுத் துணி உள்ளே வரத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வார்த்தை மழை, வெயில் மாதிரி பழகிவிட்டது. நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் வியாழக்கிழமை சாயந்தரம், சைரன் அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கிளாக் கார்டு மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினார்கள். அடுத்த வாரம் திங்கள், செவ்வாய் வேலை இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. கையெழுத்துகூட இல்லை. பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றபடியே படித்தார்கள், சூலு மொழியில் ஒருத்தி சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள்.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து வருகிற ஒரு அக்கா, இருபத்தேழு வருஷம் ஓவர்லாக்கில் இருப்பவர், என் ஜன்னலுக்கு வந்தார். இங்கே பிறந்து வளர்ந்த நான்காம் தலைமுறை, பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ்தான், கோபம் வந்தால் மட்டும் ஆயாவிடம் கற்ற தமிழ் வரும். "தம்பி, ரெண்டு நாள் வேலை இல்லே, சரி, அது பரவாயில்லே. இதை நேத்து சொல்லக்கூடாதா? நேத்து ராத்திரிதான் ஸ்டோக்வெல்லுக்குக் காசு கட்டினேன்." ஸ்டோக்வெல் என்பது நம் சீட்டு மாதிரி, ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு முறை வைத்து எடுப்பது. ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் சீட்டுக்காரியிடம் இந்த வாரம் பாதி, அடுத்த வாரம் மீதி என்று பேசியிருப்பார். டாக்ஸிக்காரரிடம் வாரக் காசைக் குறைத்திருப்பார். அந்தத் தாளை ஒட்டியவர்களுக்கு ஆர்டர் வராதது பத்து நாளாகவே தெரியும், எனக்கும் தெரியும், துணி வாங்கும் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குக் கிடைத்த பதில், "முன்னாடியே சொன்னா புதன், வியாழன் ப்ரொடக்‌ஷன் படுத்துடும்." அதாவது இரண்டு நாள் உற்பத்திக்காக இருநூறு குடும்பத்தின் ஒரு வாரத் திட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பற்று எழுதவில்லை.

அப்புறம் அதே மேனேஜர்கள் சாப்பாட்டு மேஜையில் பேசுவது: இவங்களுக்கு நாளையைப் பற்றி நினைப்பே கிடையாது, வெள்ளிக்கிழமை வந்தால் போதும். கென்யாவின் இறையியலாளர் ஜான் ம்பிட்டி 1969இல், ஆப்பிரிக்க மரபுச் சிந்தனையில் நீண்ட இறந்தகாலமும் நிகழ்காலமும்தான் உண்டு, தூர எதிர்காலம் என்பது கிட்டத்தட்ட இல்லை என்று எழுதினார். சாசா (இப்போது), ஜமானி (பழங்காலம்) என்ற ஸ்வாஹிலி சொற்களை வைத்து விளக்கினார். கானாவின் தத்துவக்காரர் க்வாமே ஜெக்யே போன்றவர்கள் பின்னால் அதை மறுத்தார்கள். தத்துவத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதை விடுங்கள், நான் சம்பளப் பிடித்தங்களைப் பார்க்கிறவன். வாரத்துக்கு வாரம் சீட்டு, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவுக்கும் தனக்கும் சேர்த்து ஈமச்சடங்கு பாலிசி. தன் சாவுக்கே முன்பணம் கட்டி வைக்கிறவளுக்கு எதிர்காலச் சிந்தனை இல்லை என்றால் யாருக்கு இருக்கிறது? அந்தப் பாலிசியில் ஒரு கொக்கி உண்டு. ஷார்ட் டைமில் அக்கவுண்ட்டில் காசு இல்லாமல் டெபிட் ஆர்டர் (பேங்க் தானாகப் பிடிக்கிற தவணை) திரும்பி, அப்படியே பாலிசி காலாவதியாகி, பிறகு புதிதாக எடுத்தால், இயற்கைச் சாவுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் காத்திருப்புக் காலம். முதலாளிக்குச் சட்டம் கொடுக்கிற ஆறு மாதமும் அதே நீளம்தான். அது முன்னால் பார்க்கக் கிடைத்த ஆறு மாதம், இது சாகாமல் இருக்க வேண்டிய ஆறு மாதம்.

இந்த ஊர்த் தமிழர்களின் கதையே நாள் கணக்கு யார் கையில் என்பதுதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தபோது அதில் வந்தவர்கள் கையில் இருந்தது கூலி ஒப்பந்தம். ஐந்து வருஷம் முடிந்தால் உன் நாள் உனக்கு என்றார்கள். பிறகு 1895இல் ஒரு சட்டம் போட்டு, மறுபடி கையெழுத்துப் போடாமலும் ஊருக்குத் திரும்பாமலும் இங்கேயே இருந்தால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்டு என்றார்கள். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் அது ஒழிந்தது. அந்த அக்காவின் வீட்டில் பூட்டனாரின் ஒப்பந்த எண் எழுதின காகிதத்தின் நகல் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது, சாமி படத்துக்குக் கீழே.

சரி, எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் முதலாளிகள் சொல்கிற பயம் பொய் இல்லை. கம்பெனிச் சட்டத்தின் 129ஆம் பிரிவில் ஏழாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது. கம்பெனி சிக்கலில் இருப்பதாக டைரக்டர்களுக்கே தோன்றி, அப்படியும் ரெஸ்க்யூவுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தால், ஏன் போகவில்லை என்று பங்குதாரர், கடன்காரர், யூனியன், தொழிலாளர் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் போன மறுநாள் நூல்காரர் கடனுக்குத் தரமாட்டார், பேங்க் ஓவர்டிராஃப்ட்டை இறுக்கும், நல்ல மெஷினிஸ்டுகள் வேறு இடம் தேடுவார்கள். சிக்கல் என்று சொல்வதே சிக்கலை உண்டாக்கிவிடும். அதனால் டைரக்டர்கள் அந்தக் கடிதம் தேவைப்படாத விதத்தில் நம்பத் தொடங்குவார்கள்: ஆறு மாதத்துக்குள் எப்படியும் ஒரு பெரிய ஆர்டர் வந்துவிடும். நம்பிக்கை இருந்தால் கடிதம் வேண்டாமே. ரெஸ்க்யூவுக்கே போனால், பத்து வேலை நாளுக்குள் பிராக்டிஷனர் தொழிலாளர் பிரதிநிதிகளைக் கூட்டி, தேறும் என்று நினைக்கிறாரா இல்லையா என்று சொல்லியாக வேண்டும், இருபத்தைந்து வேலை நாளுக்குள் திட்டம் வர வேண்டும் (பெரும்பாலும் நீட்டிப்பு வாங்குவார்கள்). வேலை அதே நிபந்தனையில் தொடரும். லிக்விடேஷன், அதாவது கம்பெனியை மூடி சொத்தை விற்றுக் கடனைத் தீர்ப்பது, என்றால் கதை வேறு. வேலை ஒப்பந்தம் அப்படியே நிறுத்தி வைக்கப்படும், சம்பளம் கிடையாது, லிக்விடேட்டர் நியமனம் ஆகி நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் முடிந்ததாகக் கணக்கு. அந்த நாற்பத்தைந்து நாளில் நீங்கள் வேலையில் இருக்கிறீர்களா இல்லையா என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பயத்தைத் தாண்டிச் சொன்ன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற சின்ன ஃபேக்டரி. இங்கே பள்ளி ஜனவரியில் தொடங்கும், அதற்கு முந்தைய மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவார்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடி, லாக்டவுனும் வந்ததில் அடிபட்டு, அதிலிருந்து எழுந்திருக்காமலே தள்ளிக்கொண்டிருந்தவர். ஒரு திங்கட்கிழமை அந்தப் பதின்மூன்று வார ஷீட்டை என்னைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு, கேன்டீன் சுவரில் ஒட்டினார். ஷாப் ஸ்டூவர்ட் (ஃபேக்டரிக்குள் யூனியன் பிரதிநிதி) இரண்டு பேரை உட்காரவைத்து வரி வரியாக விளக்கினார். ஒவ்வொரு திங்களும் புதுத் தாள், பழைய தாளைக் கிழிக்காமல் அதன் பக்கத்திலேயே. போன வாரம் என்ன நினைத்தோம், என்ன நடந்தது என்று இரண்டையும் எல்லோரும் பார்க்கலாம். நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கேட்கவில்லை அவர்.

நான் பயந்தது நடக்கவும் செய்தது. விஷயம் வெளியே போய் பட்டன் சப்ளையர் ரொக்கம் வைத்தால்தான் சரக்கு என்றார். கட்டிங் மாஸ்டர் வேறு இடம் போய்விட்டார், நல்ல ஆள், நஷ்டம்தான். ஆனால் இன்னொன்றும் நடந்தது. 8ஆம் வாரத்தின் சிவப்பை எட்டு வாரம் முன்னாலேயே எல்லோரும் பார்த்துவிட்டதால் அந்த வாரம் வந்தபோது யாரும் கத்தவில்லை. ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த சிலர் தாங்களாகவே வந்து, போவதென்றால் எங்களை முதலில் அனுப்புங்கள், சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இருக்கட்டும் என்றார்கள். ஒரு பெண் இரவு டியூட்டிக்கு செக்யூரிட்டி வேலைக்கான பயிற்சியை முடித்துக்கொண்டார். ஃபேக்டரி முழுசாகத் தப்பிக்கவில்லை. பாதி ஆளோடு சின்ன இடத்துக்கு மாறி ஓடிக்கொண்டிருக்கிறது. தப்பித்தது அந்தத் தாளால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தாள் இல்லாமல் ஓட்டியிருந்தால் முழு ஆளோடு இன்னும் இரண்டு மாதம் போயிருக்கலாம், பிறகு ஒரே நாளில் பூட்டு விழுந்திருக்கலாம்.

மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். 2022, 2023இல் லோட்ஷெடிங்கை (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) திட்டாத வாய் இந்த நாட்டில் இல்லை. ஆனாலும் மின்சாரக் கம்பெனி எஸ்காம் எத்தனையாவது ஸ்டேஜ் (வெட்டின் அளவு) என்று அறிவித்துவிடும், போனில் ஆப் பார்த்தால் நம் ஏரியாவுக்கு எத்தனை மணிக்கு இருட்டு என்று தெரியும், அதற்கு முன்னால் சாதம் வைத்து, யூனிஃபார்ம் அயர்ன் பண்ணி, போன் சார்ஜ் போட்டு மக்கள் சமாளித்தார்கள். அட்டவணையே இல்லாமல் அணைந்த நாட்களில்தான் ரோட்டுக்கு வந்து டயர் கொளுத்தினார்கள்.

அந்த ஓவர்லாக் அக்காவுக்குக் கடைசியில் ரிட்ரென்ச்மென்ட் கடிதம், அதாவது ஆட்குறைப்புக் கடிதம், வந்தது, நான் அந்த இடத்தை விடுவதற்கு முன்னால். சட்டப்படி குறைந்தபட்ச இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வாரச் சம்பளம். இருபத்தேழு வருஷத்துக்கு இருபத்தேழு வாரம். தொகையைச் சொன்னேன், அதை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. "இருபத்தேழு வாரம்னா எது வரைக்கும் தம்பி? ஆடிக் கூழுக்கு முன்னாடியா, பின்னாடியா?" ஜனவரி கடைசி. மேஜைக் காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன், ஆகஸ்ட் முதல் வாரம் தாண்டி வந்தது. கூழ் ஊற்றி முடிக்கலாம் அக்கா என்றேன். சரி என்று எழுந்து, அந்த வாரச் சம்பளக் கவரைத் திறந்து நாணயம் வரைக்கும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதை இப்போது எழுதக் காரணம், டர்பனுக்குப் பக்கத்துப் பைன்டவுனில் அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். நிலைமை சரியில்லை, எப்போது சொல்வது, வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுத்துவிட்டுச் சொல்லட்டுமா, இரண்டு நாள் லீவில் கோபம் தணிந்துவிடும் அல்லவா என்று கேட்டார். வேண்டாம், திங்கட்கிழமை காலையில் சொல்லுங்கள் என்றேன். வெள்ளி சாயந்தரம் சொன்னால் யூனியன் ஆபீஸ் மூடியிருக்கும், லேபர் ஆபீஸ் மூடியிருக்கும், பேங்கில் டெபிட் ஆர்டரைத் தள்ளிப்போடக் கேட்க ஆள் இருக்காது, குடும்பத்தோடு உட்கார்ந்து பயப்படுவதைத் தவிர அவர்களுக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது. திங்கள் என்றால் அன்றைக்கே நாலு இடம் போகலாம், நாலு போன் பண்ணலாம், உங்களிடமே வந்து நாலு கேள்வி கேட்கலாம். அது சரி, பேங்க் பதில் இன்னும் வரவில்லை, அது வரட்டுமே என்றார். பதில் எந்தத் தேதிக்குள் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். இருபதாம் தேதி. அந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.